மூன்றாவது பெஞ்சில் சீமைச் சித்தி

நாகர்கோவிலில் அந்தக் காலத்தில் நடந்த கிறிஸ்தவக் கல்யாணங்கள் இரண்டே வகைதான். ஒன்று, சீமைச் சித்தி நடத்தியது. மற்றது, சீமைச் சித்தி குறை சொன்னது. இரண்டிலும் சேராத ஒரு கல்யாணத்தைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்கள் வேறு எந்த ஊரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

யாருக்குச் சித்தி என்று கேட்டால் பதில் கிடையாது. எங்கள் தெருவில் பல் முளைக்காத பிள்ளையிலிருந்து பல் விழுந்த கிழவர் வரை எல்லாருக்கும் சித்திதான். ஞானஸ்நானப் பதிவேட்டில் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். பாஸ்டரே ஒருமுறை அறிவிப்பு வாசிக்கும்போது "நம்முடைய சீமைச் சித்தி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மிஷன் பங்களாவை ஒட்டிய கொட்டகையில் லேஸ் பின்னும் பெண்களை மேற்பார்வை பார்ப்பது சித்தியின் உத்தியோகம். கல்யாணம் நடத்துவது ஊழியம். உத்தியோகத்துக்கு விடுமுறை உண்டு, ஊழியத்துக்கு இல்லை.

சித்தி உண்மையிலேயே சீமைக்குப் போனவர். மிஷன் துரை ஒருவர் விடுப்பில் ஊருக்குப் போனபோது, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பதினெட்டு வயதுச் சித்தியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என் கல்யாணத்துக்கு இருபது சொச்சம் வருஷத்துக்கு முந்திய கதை இது. பதினோரு மாதம் அங்கே இருந்தார். அதில் ஒன்பது மாதம் ஜலதோஷம். லண்டன் எப்படி இருக்கும் என்று கேட்டால், "புகை" என்பார். ரயில்? "சத்தம்." கடல்? "முட்டத்துல இல்லாத கடலா?" சீமையைப் பற்றி அவரிடம் இருந்த சரக்கு அவ்வளவுதான்.

ஆனால் செல்ட்டனம் என்ற ஊரில் ஒரு சனிக்கிழமை நடந்த கல்யாணத்தைப் பற்றிக் கேட்டீர்களோ, தொலைந்தீர்கள். அடுப்பில் வைத்த குழம்பு கரிந்துபோகும். சித்தியைக் கூட்டிப்போன துரையின் மனைவி, அந்தத் துரைசானியின் சித்தப்பா மகள் கல்யாணமாம். பெரிய இடமாம். அந்த ஊரில் அதைப்போல் ஒன்று அதற்கு முன்னும் நடக்கவில்லை, பின்னும் நடக்கவில்லையாம். பின்னால் நடக்கவில்லை என்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எங்களுக்குத் தைரியம் கிடையாது.

"ஏட்டி, ஒவ்வொருத்தி தலையிலயும் தொப்பி சுளகு அகலம், கேட்டியா. ஒரு தொப்பியில முழுப் பறவையே இருந்துச்சு. உயிருதான் இல்ல. கண்ண முழிச்சு என்னையே பாத்துச்சு."

"நீங்க எங்க இருந்தீங்க சித்தி?"

"மூணாவது பெஞ்சு. ஓரமா. முன்னால ரெண்டு பெஞ்சும் மாப்பிள்ளை பொண்ணு வீட்டாளுவ. மூணாவது நான்."

மூன்றாவது பெஞ்சு என்று சொல்லும்போது முந்தானையை ஒருமுறை சரிசெய்துகொள்வார். நாங்களும் அந்த பெஞ்சில் ஓரமாக இடம் கிடைத்த மாதிரி மகிழ்ந்துபோவோம்.

இந்த ஒரே கல்யாணத்தை முதலாக வைத்துக்கொண்டுதான் சித்தி எங்கள் ஊரை ஆண்டார். ஒரு வீட்டுப் பெண்ணுக்குச் சபையில் முதல் ஓலை, அதுதான் கல்யாண அறிவிப்பு, வாசித்த அன்று மாலையே அந்த வீட்டு வாசலில் நிற்பார். கையில் ஒரு நோட்டு. "கார்ப்பெட் உண்டா?" என்பார். வாழைக்குலைக்கும் தேங்காய்க்கும் அலைந்துகொண்டிருக்கும் பெண்ணின் அப்பாவுக்கு ஒன்றும் புரியாது. "சீமையில சர்ச் நடையிலருந்து ரோடு வரைக்கும் சிவப்புக் கார்ப்பெட் விரிச்சிருந்தாவ. அது இல்லாமப் பொண்ணு எப்பிடி மண்ணுல நடப்பா?" அந்தப் பெண் பிறந்ததிலிருந்து மண்ணில்தான் நடந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

கார்ப்பெட்டுக்கு எங்கே போவது? கயிற்றுப் பாயை வாங்கிச் சிவப்புச் சாயத்தில் முக்கிக் காயப்போட்டார் சித்தி. தூரத்திலிருந்து பார்த்தால் பிரமாதம். கல்யாணத்தன்று பாஸ்டர் ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும்போது ஒரு மழை பெய்தது பாருங்கள். மாப்பிள்ளை, பெண், பாஸ்டர், பாடகர் குழு என்று அத்தனை பேர் காலும் கணுக்கால் வரை சிவப்பு. தேய்த்தாலும் போகவில்லை. ஒரு வாரத்துக்கு, யார் கல்யாணத்துக்கு வந்தார்கள், யார் வராமலே வந்ததாகச் சொல்கிறார்கள் என்று காலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். அதில் இரண்டு குடும்பங்களுக்குள் சண்டைகூட வந்தது.

அடுத்தது கேக். மூன்று மாடி வேண்டும் என்றார். மிஷன் பங்களாச் சமையற்காரரிடம் இருந்ததோ ஒரே ஒரு கேக் தட்டு. ஒரு மாடிக்குமேல் எழும்பாது. சித்தி கலங்கவில்லை. பெரிய மரக்கால் ஒன்றையும் சின்ன மரக்கால் ஒன்றையும் கவிழ்த்து அடுக்கி, நெல் அளக்கிற அந்த இரண்டுக்கும் சீனிப்பாகால் வெள்ளை பூசி, உச்சியில் நிஜக் கேக்கை வைத்துவிட்டார். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். மாப்பிள்ளைக்கு அந்த ரகசியத்தைச் சொல்ல மறந்துவிட்டதுதான் கோளாறு. அவர் ஆசையாக நடு மாடியில் கத்தியை இறக்கினார். கத்தி உள்ளே போய் நின்றுவிட்டது. இழுத்தார், வரவில்லை. மாப்பிள்ளைத் தோழனும் சேர்ந்து இழுத்தான். "பலமான கேக்" என்றார் பக்கத்திலிருந்த ஒரு பெரியவர், மரியாதையோடு.

அப்புறம் பரிசுப் பட்டியல். சீமையில் யார் என்ன கொடுத்தார்கள் என்று பத்திரிகையில் போடுவார்களாம். எங்கள் ஊரில் பத்திரிகைக்கு எங்கே போக? பந்தி நடக்கும்போது சித்தியே நாற்காலிமேல் ஏறி நின்று வாசித்துவிடுவார். பொய் கலக்கமாட்டார். "அஞ்சுகிராமத்து அத்தை, பித்தளைச் சருவம் ஒண்ணு, பழசு, அடியில ஈயம் வச்சு அடச்சது." அஞ்சுகிராமத்து அத்தை அவியலைப் பிசைந்த கையோடு எழுந்து போனார். ஆனால் அதற்கடுத்த வருஷத்திலிருந்து எங்கள் தெருக் கல்யாணங்களுக்கு ஓட்டைப் பாத்திரம் வருவது அடியோடு நின்றுவிட்டது.

இவ்வளவு கூத்துக்குப் பிறகும் ஏன் சித்தியைக் கூப்பிட்டார்கள் என்று கேட்பீர்கள். காரணம் எட்டுத் தோழிப்பெண்கள். பெண்ணுக்குப் பின்னால் கல்யாணமாகாத எட்டுப் பெண்கள், ஒரே நிறத்துச் சேலையில், கையில் பூங்கொத்தோடு, உயர வரிசையில் நடந்து வர வேண்டும் என்பது சித்தியின் சட்டம். வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளைகளின் அம்மாமார்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வீடு வீடாகப் போய்ப் பெண் பார்க்கும் அலைச்சல் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே எட்டுப் பேரையும் பார்த்துவிடலாம். "இடது பக்கம் மூணாவது பிள்ளை ஆரு?" என்று பாட்டுக்கு நடுவிலேயே விசாரணை ஆரம்பித்துவிடும். ஒரு கல்யாணத்தில் நின்ற எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு ஆறே மாதத்தில் ஓலை வாசித்தார்கள். அதற்குப் பிறகு பெண்ணைப் பெற்றவர்கள் யாரும் சித்தியை எதிர்த்து மூச்சு விட்டதில்லை.

நானும் அந்த வரிசையில் நின்றவள்தான். நான்கு கல்யாணங்களில் நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. நான் நல்ல உயரம். உயர வரிசையில் எப்போதும் கடைசியில்தான் நிற்பேன். வருகிற மாப்பிள்ளைகள் எல்லாம் என் தோளுக்கு வருவார்கள், பார்ப்பார்கள், காப்பி குடிப்பார்கள், போய்விடுவார்கள். இப்படி இரண்டு பேர் வந்து போனதும் என் அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார். பள்ளிக்கூட வாத்தியார், பேச்சையே தொழிலாகக் கொண்டவர், வீட்டில் மௌனமாகிவிட்டால் எப்படி இருக்கும்? அந்த நாட்களில் தினமும் சாயங்காலம் சித்தி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

"அந்தச் சீமைப் பொண்ணும் ஒன்னப் போலதான் மக்கா, நெட்டை. மாப்பிள்ளை அவளுக்குச் செவி வரைக்கும்தான். என்ன குறைஞ்சுபோச்சு?"

அது உண்மையா, எனக்காக அவர் வளர்த்துவிட்ட உயரமா, தெரியாது. எனக்கு அது தேவைப்பட்டது.

மூன்றாவதாக மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் வந்தார். அவரும் வாத்தியார்தான். எனக்குச் சமமான உயரம். எல்லாரும் என்னைப் பாடச் சொன்னார்கள். நான் ஒரு கீர்த்தனையை மிக உயர்ந்த சுருதியில் எடுத்துவிட்டு, பாதியில் மேலே போகவும் முடியாமல் கீழே இறங்கவும் முடியாமல் நின்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் விட்ட இடத்திலிருந்து தாழ்ந்த குரலில் பாடினார். நானும் சேர்ந்துகொண்டேன். பாட்டு முடிந்தபோது என் மனசும் முடிவு செய்துவிட்டது. இவர் இல்லாவிட்டால் வேறு யாரும் வேண்டாம்.

ஒரே சிக்கல், அவருடைய தாய்மாமா. அப்பா இல்லாத பிள்ளையை எடுத்து வளர்த்துப் படிக்கவைத்தவர் அந்த மாமாதான். நல்ல மனுஷர், ஆனால் மானத்தைக் கையில் பிடித்துக்கொண்டே நடக்கிறவர். ஒரு கல்யாணப் பந்தியில் தன் இலையில் உடைந்த பப்படம் வைத்தார்கள் என்று எழுந்துபோய், அந்தக் குடும்பத்தோடு நாலு வருஷம் பேசாமல் இருந்தவர். பப்படத்துக்கே நாலு வருஷம்! அப்பா சித்தியைக் கூப்பிட்டுக் கைகூப்பாத குறையாகச் சொன்னார்: "சித்தி, இந்த இடம் தப்பிப்போனா எம்பிள்ளைக்கு வேற இடம் இல்ல. அந்த மாமா மனசு கோணாம நடத்தித் தரணும்."

"வாத்தியாரே, நீரு பயப்படாதியும். அப்பழுக்கில்லாம நடத்துவேன். இதுவரைக்கும் ஒரு கல்யாணத்துலயும் செய்யாத ஒண்ணு பாக்கி இருக்கு. அதையும் இவளுக்குச் செய்வேன்."

"என்னது?"

"அது கார் உள்ள கல்யாணத்துக்குத்தான் செய்யணும். அன்னைக்குப் பாரும்."

மாப்பிள்ளை வீட்டார் வாடகைக்கு மோட்டார் கார் பேசியிருந்தார்கள். எங்கள் தெருக் கல்யாணத்துக்குக் கார் வருவது அதுதான் முதல் தடவை. அப்பா அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கல்யாணம் அருமையாக நடந்தது. கயிற்றுப் பாயில் சாயம் போகவில்லை. கேக்கில் எந்த மாடியை வெட்ட வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பந்தியில் மாமாவின் இலைக்குப் போகவேண்டிய பப்படங்களை அப்பாவே தனியாக ஒரு தட்டில், பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார். பாயாசம் குடித்துவிட்டு மாமா, "தெற்றொண்ணும் இல்லெ" என்றார். குறை ஒன்றுமில்லை என்று அர்த்தம். மார்த்தாண்டம் பக்கத்தில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்றார்கள்.

மூன்று மணிக்குக் கார் சர்ச் வாசலுக்கு வந்தது. மேல்மூடியை மடக்கிவிட்டிருந்தார்கள். பின்னால் நானும் அவரும். முன்னால் டிரைவர் பக்கத்தில் ஜரிகைத் தலைப்பாகையோடு மாமா, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எட்டுத் தோழிப்பெண்களும் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தி கையிலும் வர்ணக் காகிதம் சுற்றி, லேஸ் நாடா கட்டின ஒரு பொட்டலம். கார் நகர்ந்ததும் பிரித்து உள்ளே இருப்பதை வண்டிமேல் எறிய வேண்டும், அதற்குமுன் பிரிக்கக்கூடாது என்பது சித்தியின் உத்தரவு. பூ என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள் பாவம்.

கார் நகர்ந்தது. பொட்டலங்கள் பிரிந்தன. உள்ளே இருந்தது செருப்பு.

பங்களாவில் கழித்துப்போட்ட பூட்ஸ், யாரோ தூக்கிப்போட்ட மிதியடி, என் அப்பாவின் பழைய செருப்பு, எல்லாம் துடைத்துப் பளபளவென்று. ஐந்து பெண்கள் கல்லாய் நின்றுவிட்டார்கள். ஒருத்தி அளவு சரியாக இருக்கிறதா என்று காலில் போட்டுப் பார்த்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். சொல்பேச்சுக் கேட்டு வளர்ந்த இரண்டு பேர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தார்கள். அவை ரோட்டில் விழுந்தன. அதோடு போயிருந்தால் யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். ஆனால் சித்தியும் கையில் ஒன்று வைத்திருந்தார். லேஸ் கொட்டகையில் நூற்கண்டு எறிந்து பழகிய கை. குறி தப்பாமல் வந்து மாமாவின் ஜரிகைத் தலைப்பாகையில் பட்டு, அவர் மடியில் விழுந்தது.

"நிறுத்துலே வண்டிய!"

மாமா அந்தச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"ஆரு எறிஞ்சது?"

"நாந்தான் அண்ணாச்சி" என்று பரிசு வாங்க வருகிறவர் மாதிரிச் சித்தி முன்னால் வந்தார். "சீமை வழக்கம். பொண்ணும் மாப்பிள்ளையும் புறப்படும்போ எறியணும். ரொம்ப நல்லது."

"செருப்பாலெ எறியது நல்லதா?"

அப்போதிருந்த மிஷன் துரைசானி, சின்ன வயசுக்காரி, உதவி செய்ய ஓடிவந்தார். அவர் வேதாகமத்தைப் படித்துத் தமிழ் கற்றவர். "பயப்படாதேயுங்கள்! எங்கள் தேசத்தில் பாதரட்சையை எறிவது மகா ஆசீர்வாதமாயிருக்கிறது!" என்றார்.

"இருக்கலாம் அம்மா. இது வேற தேசமாக்கும்" என்றார் மாமா. பிறகு என் அப்பாவைப் பார்த்து, சத்தமே இல்லாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. "பெண்ணு எறங்கட்டும். இன்னைக்கு நாங்க மட்டும் போறோம். பொறவு பேசிக்கிடலாம்."

கழுத்தில் தாலி ஏறி நாலு மணி நேரம் ஆகியிருந்தது எனக்கு. பப்படத்துக்கு நாலு வருஷம் என்றால் செருப்புக்கு எத்தனை வருஷம்? என் பக்கத்திலிருந்தவர், "மாமா..." என்று ஆரம்பித்தார்.

"நீ மிண்டாதெ" என்றார் மாமா. பக்கத்திலிருந்தவர் வாயை மூடிக்கொண்டார். வளர்த்த கடன் அப்படி. ஆனால் என் சேலை நுனியை இறுகப் பிடித்துக்கொண்டார். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மாமா சித்தியிடம் திரும்பினார். கோபம் வந்தாலும் நியாயம் பேசாமல் விடுகிற ஆள் இல்லை அவர்.

"நீங்க சீமைக்குப் போனவங்க. பெரிய இடத்துக் கல்யாணத்திலெ மூணாவது பெஞ்சிலெ இருந்தவங்கன்னு எங்க ஊரு வரைக்கும் பேச்சு உண்டு. இந்தப் பெண்ணோட வாழ்க்கைமேலெ சத்தியமா சொல்லுங்க. அங்கெ உள்ளெ இருந்த பெரிய மனுஷரு இதெ மரியாதைன்னு வாங்கிக்கிட்டதெ, நீங்களும் அவங்களோட மூணாவது பெஞ்சிலெ இருந்து கண்டதாக்கும்னு சொல்லுங்க. நானும் வாங்கிக்கிடுதேன். வண்டி போகட்டும்."

ஒரே ஒரு 'ஆமா'. இருபது வருஷமாக ஊரெல்லாம் சொல்லிவந்ததை இன்னொரு தடவை சொல்ல வேண்டியதுதான். அப்பா கண்ணாலேயே கெஞ்சினார். நானும்தான், மறைக்க என்ன இருக்கிறது. சொல்லிவிடுங்கள் சித்தி, சொல்லிவிடுங்கள்.

சித்தி என்னைப் பார்த்தார். முந்தானையைச் சரிசெய்யப் போன கை பாதியில் நின்றது.

"இவ வாழ்க்கைமேல நான் பொய்ச் சத்தியம் செய்யமாட்டேன் அண்ணாச்சி" என்றார். "நான் மூணாவது பெஞ்சுல இருக்கல்ல. ஒரு பெஞ்சுலயும் இருக்கல்ல. கைப்பிள்ளை அழுதா ஆராதனைக்கு இடைஞ்சலாம். தள்ளுவண்டியோட கேட்டுக்கு வெளிய நிக்கச் சொல்லிட்டாவ. உள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

சித்தி சர்ச் வாசலைக் கைகாட்டித் தொடர்ந்தார்.

"வெளிய வந்து வண்டியில ஏறினாவ. எல்லாரும் எறிஞ்சாவ. ஒண்ணு எங்காலடியில வந்து விழுந்துச்சு. எடுக்க ஆருமே வரல்ல. நான் எடுத்து வச்சுக்கிட்டேன். உங்க கையில இருக்கது அதுதான். எதுக்கு எறிஞ்சாவன்னு அப்பம் எனக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு சிரிச்சா. அப்பிடி ஒரு சிரிப்ப நான் கண்டதில்ல. அதனால நல்லதுக்குத்தான் இருக்கும்னு நினைச்சேன். இவளுக்கு எறியணும்னு வச்சிருந்தேன்."

மாமா அப்போதுதான் கையிலிருந்ததைச் சரியாகப் பார்த்தார். வெள்ளைப் பட்டுச் செருப்பு. பழுப்பேறி, முன்னால் சின்ன முடிச்சோடு, மண் துடைத்துச் சுத்தமாக இருந்தது. இருபது சொச்சம் வருஷம் ஒரு தகரப்பெட்டியில் துணி சுற்றிக் காப்பாற்றியதை, எனக்காகத் தூக்கி எறிந்திருக்கிறார்.

எனக்கு அப்போது ஒன்று புரிந்தது. தொப்பி, கார்ப்பெட், வண்டி, தோழிப்பெண்கள் எல்லாமே வாசலுக்கு வெளியே தெரிகிறவை. சர்ச்சுக்குள் என்ன செய்ய வேண்டும் என்று சித்தி எந்தக் கல்யாணத்திலும் வாய் திறந்ததே இல்லை. கேக்கைக்கூட வண்டியிலிருந்து இறக்கும்போதுதான் பார்த்திருப்பார். உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "இத்தனை வருஷமா கேட்டுல நின்னு பாத்த கல்யாணத்தயா நம்மள நடத்தவச்சா?" என்று ஒரு குரல். சித்தி தலையைக் குனிந்துகொண்டார். அவர் தலை குனிந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, காரிலிருந்து இறங்கினேன். மாமா இறங்கச் சொன்னதற்காக இல்லை. சித்தியின் பக்கத்தில் போய் நின்று கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை சில்லென்று இருந்தது.

மாமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தரை மாசம் அந்தப் பிள்ளையெ நோக்கினெ?" என்றார் சித்தியிடம். 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

"பதினோரு மாசம்."

"அன்னைக்கு எத்தரை நேரம் வெளியிலெ நின்னெ?"

"ஒண்ணரை மணிக்கூர் இருக்கும். தூறிக்கிட்டு இருந்துச்சு."

"கொடை?"

"பிள்ளைக்கு உண்டு."

"ஒனக்கு?"

சித்தி முந்தானையைத் தலைமேல் இழுத்துக் காட்டினார்.

மாமாவின் முகம் சிவந்தது. அதற்குமுன் வந்த கோபமெல்லாம் ஒத்திகை என்று தோன்றியது. நேராகத் துரைசானியிடம் திரும்பினார். "ஊரு விட்டு ஊரு வந்து பதினோரு மாசம் பிள்ளையெ வளர்த்த பெண்ணெ, கல்யாணத்தன்னைக்கு மழையிலெ நிறுத்தினீங்க. பிள்ளைக்குக் கொடை, இவளுக்கு இல்லெ. உள்ளெ ஒரு பெஞ்சிலெ இடம் இல்லெ. அம்மா, இது எந்த ஊரு மரியாதை?"

"ஐயா, அந்நாட்களில் நான் சிறுபிள்ளையாயிருந்தேன்" என்றார் துரைசானி, கண் கலங்கி. அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் எங்கள் வீட்டை விட்டுத் திரும்பியதில் என் அப்பா முதன்முதலாக மூச்சு விட்டார். உடைந்த பப்படத்துக்கே பொறுக்காத மனுஷர், பந்திக்கே கூப்பிடாத கல்யாணத்தை எப்படிப் பொறுப்பார்?

மாமா தோளிலிருந்த ஜரிகைத் துண்டை எடுத்து, அந்தப் பட்டுச் செருப்பை மேலோடு ஒருமுறை துடைத்துச் சித்தியிடம் நீட்டினார்.

"ஏறு வண்டியிலெ."

"நானா?"

"நீதான். நீ இந்தக் கல்யாணத்தெ வாசலிலெ நின்னு பாத்து முடிச்சுக்கிடவேண்டாம். எங்க வீட்டு முதல் பந்தியிலெ முதல் இலை ஒனக்காக்கும். ஆரு எழுப்புதான்னு நானும் பாக்கேன். ஏறு!"

பின்சீட்டில் இரண்டு பேர்தான் வசதியாக உட்காரலாம். நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்தோம். ஓரத்தில் உட்கார்ந்தால் சித்தி விழுந்துவிடுவார் என்று நடுவில் உட்காரவைத்தோம். வழியில் வில்லுக்குறி வரை அழுதுகொண்டே வந்தார். தக்கலையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, டிரைவரிடம், "ஏம் தம்பி, சீமையில வண்டி இப்பிடிக் குலுங்காது கேட்டியா" என்று ஆரம்பித்துவிட்டார். முன்சீட்டிலிருந்து மாமா, "பின்னெ எப்படிப் போகும்?" என்று கேட்டுத் தொலைத்தார். மார்த்தாண்டம் போய்ச் சேரும் வரை பேச்சு நிற்கவில்லை.

என் வீட்டுக்காரர் இன்றைக்கும் குறைபட்டுக்கொள்வார். புதுப்பெண்ணோடு காரில் போன அந்த முதல் பயணத்தில் சித்தியின் முழங்கையைத் தவிர அவர் வேறு ஒன்றையும் பார்க்கவில்லையாம். நியாயமான குறைதான், நான் மறுப்பதில்லை. ஆனால் அன்றைக்கு வந்திருந்த அத்தனை சனத்திலும் உன் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் சித்தியைத்தான் கேட்டிருப்பேன்.